ரிப்போவிடம் ஸ்ரீரங்கப்பட்டணம் கேட்காத கேள்வி

1797-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாய்மரம் சேதமடைந்த ஒரு பிரெஞ்சுக் கப்பல் மங்களூர்க் கரையில் வந்து ஒதுங்கியது. அதன் தலைவர் பெயர் பிரான்சுவா ரிப்போ. அரசின் அனுமதியோடு எதிரிநாட்டுக் கப்பல்களைக் கொள்ளையிட்டுப் பிழைக்கும் தனியார் மாலுமிகள் அந்நாளில் இந்தியப் பெருங்கடலில் நிறையவே இருந்தார்கள். ரிப்போவும் அவர்களில் ஒருவர். பழுது பார்க்க வந்தவரை மைசூர் அரசின் கடற்படைப் பொறுப்பிலிருந்த குலாம் அலி சந்தித்தார். தான் மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு அரசில் உயர்ந்த பொறுப்பில் இருப்பதாகவும், திப்பு சுல்தானோடு பேசுவதற்கென்றே அனுப்பப்பட்டிருப்பதாகவும், ஆங்கிலேயரை எதிர்க்க அங்கே பெரும்படை ஆயத்தமாக இருப்பதாகவும் ரிப்போ சொன்னார். மொரீஷியஸ் ஆளுநர் கையெழுத்திட்ட அத்தாட்சிக் கடிதம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனாலும் அவரை மேற்குத்தொடர்ச்சி மலை தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துப் போனார்கள். காவிரி சூழ்ந்த அந்தத் தீவுக் கோட்டையில் அவர் பிரெஞ்சுக் குடியரசின் பேராளராகவே நடத்தப்பட்டார். ஆள் போலி என்று அவையில் இருந்தவர்கள் எச்சரித்ததாகவும், திப்பு அதை ஏற்கவில்லை என்றும் ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. திப்புவின் தூதர்கள் இருவர் ரிப்போவோடு கப்பல் ஏறி 1798 ஜனவரியில் மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். வணிகர்கள் போல ரகசியமாகப் போய்வர வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. ஆனால் ஆளுநர் மலார்ட்டிக் அவர்களைப் பகிரங்கமாக, அரசு மரியாதையோடு வரவேற்றார். ரிப்போ சொன்ன படை எங்கே என்று கேட்டபோது, அனுப்புவதற்குத் தன்னிடம் படையே இல்லை என்றார். கையில் இல்லாததை ஈடுகட்ட, ஜனவரி 30 அன்று ஒரு பொது அறிவிப்பை வெளியிட்டார்: ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து விரட்டத் திப்பு பிரான்சின் உதவியை நாடுகிறார், விருப்பமுள்ளவர்கள் தொண்டர்களாகச் சேரலாம். ஏப்ரல் இறுதியில் மங்களூரில் வந்து இறங்கியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அறிவிப்பின் நகல் அவர்களைப் பின்தொடர்ந்து ஜூன் மாதம் கல்கத்தாப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அங்கே பொறுப்பேற்றிருந்தார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டையைக் காத்து நின்ற திப்புவும் அன்றே உயிரிழந்தார்.

இதை நாம் பெரும்பாலும் அரசியல் வரலாறாகவே படித்திருக்கிறோம். முன்பின் அறியாத வெளிநாட்டவரோடு கொடுக்கல் வாங்கல் செய்யப் போகிற எவரும் இதை வணிகப் பாடமாகவும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு கூட்டாளி நம்பத்தக்கவரா என்பதை அவர் பேச்சை வைத்தோ, அவர் எடுத்து நீட்டும் காகிதத்தை வைத்தோ தீர்மானிக்க முடியாது. அவருடைய கை எட்டாத வழியில், அவரால் ஆதாயம் பெறாத ஒருவர் தரும் தகவல்தான் சோதனை. நம் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டாரிடமா கேட்கிறோம்? அவர்கள் தெருவில் கடை வைத்திருப்பவரையும், மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்திலுள்ள நம் ஊர்க்காரரையும் தேடிப் பிடித்து விசாரிக்கிறோம். இந்த எளிய அறிவு திப்புவுக்கு இல்லாமல் போனதா என்றால், இல்லை. வணிகத்தில் அவருடைய அரசு இதை அந்தக் காலத்தில் வேறு பல அரசுகளை விடவும் நேர்த்தியாகச் செய்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதை எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான்: முறை தெரிந்தவர்களே முறையைக் கைவிட்ட இடம் அது.

ஓமான் நாட்டு மஸ்கட்டில் மைசூர் அரசுக்கு ஒரு கோட்டி இருந்தது. கோட்டி என்றால் வணிக நிலையம். 1785, 1786-ஆம் ஆண்டுகளில் திப்பு அந்த நிலையத்துக்கு எழுதிய கடிதங்கள் பல கிடைத்துள்ளன. கோட்டை வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்ட ஆவணங்களிலிருந்து கிர்க்பாட்ரிக் என்ற ஆங்கிலேய அதிகாரி தேர்ந்தெடுத்து, மொழிபெயர்த்து 1811-இல் வெளியிட்ட தொகுப்பில் அவற்றைப் பார்க்கலாம். மஸ்கட்டில் அரசின் சம்பளத்தில் இருந்த பொறுப்பாளர் மீர் காசிம். அவரோடு மாவோ சேட் என்ற தரகரும் இருந்தார். மீர் காசிம் திப்புவின் ஆள். மாவோ சேட்டோ துறைமுகத்தின் ஆட்களையும் வழக்கங்களையும் அறிந்த உள்ளூர்ப் பெருவணிகர். ஒருவர் சொல்வதை மற்றவர் வழியாக உரசிப் பார்க்க இந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது. சந்தனக்கட்டை, மிளகு, ஏலக்காய், அரிசி ஆகியவற்றை என்ன விலைக்குத் தள்ளலாம், எதை விலை ஏறும்வரை நிறுத்தி வைக்கலாம் என்றெல்லாம் கடிதங்களில் வருகிறது. திரும்பி வரும் கப்பலில் திப்பு கந்தகமும் செம்பும் கேட்கிறார். முத்துக்குளிப்பவர்களையும் கப்பல் தச்சர்களையும் தேடி அனுப்பச் சொல்கிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ்ம் தீவிலிருந்து பட்டுப்புழுவும் அதை வளர்க்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்கிறார். ஓமானை ஆண்ட இமாமுடன் சுங்கவரியில் பரஸ்பரச் சலுகை இருந்தது. மங்களூர் அரிசியை நம்பி மஸ்கட் இருந்ததால் அந்தச் சலுகை நிலைத்தது.

பட்டுப்புழு விஷயத்தையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். வங்காளத்திலிருந்து புழு வரவழைக்க வேண்டியிருந்தபோது, தரகர் யாரிடமாவது முன்பணம் கொடுத்துவிட்டு மைசூர் காத்திருக்கவில்லை. பஹாவுத்தீன், கஸ்தூரி ரங்கன் என்ற இரண்டு பேரை நேரிலேயே அனுப்பியது. அவர்கள் சித்தவட்டம் என்ற ஊர் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், வந்து சேர்ந்ததும் புழுக்களை எப்படிப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், முன்பே நடச்சொன்ன முசுக்கொட்டையின் இலையைத் தீனியாகக் கொடுக்க வேண்டும் என்றும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைத் தலைவருக்கு 1786-இல் ஒரு கடிதம் போகிறது. பொருள் எங்கே விளைகிறதோ அங்கே தன் ஆளை நிறுத்திப் பார்ப்பது, பார்த்தவரையே பொருளோடு திரும்பி வரச் செய்வது என்பதுதான் மைசூரின் முறை. மைசூர்ப் பட்டு இன்று உலகம் அறிந்த சரக்கு. அதன் தொடக்கத்தில் இப்படியொரு கவனம் இருந்ததை அந்தச் சேலையை உடுத்துகிறவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

இந்தக் கவனம் மேற்குக் கடற்கரைக்குத் திப்பு கொண்டுவந்ததும் அல்ல. அவருக்கு ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள மஹ்தியா ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர், 1132 முதல் 1149 வரையிலான காலத்தில் பெரும்பாலும் மங்களூரில் தங்கி ஏடன் துறைமுகத்தோடு வாணிபம் நடத்தினார். அவருக்கு வந்த கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்து ஆவண அறையில் கிடைத்தன. அவற்றில் ஒரு விவகாரம் உண்டு. ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிய இந்திய வணிகர் ஒருவர் சரக்கைத் தரவில்லை. ஏடனிலுள்ள கூட்டாளி பென் யிஜுவுக்கு யோசனை சொல்கிறார்: சொன்ன சொல் தவறுகிறவர்களை இங்கே ஏடனில் பெயர் சொல்லிக் கண்டிக்கும் வழக்கம் உண்டு என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள் என்று. நீதிமன்றமோ காவலரோ எட்டாத கடலுக்கு அப்பால், ஒருவரை வழிக்குக் கொண்டுவர அவர்கள் நம்பியது அவருடைய பெயரை. ஒரு துறைமுகத்தில் கெட்ட பெயர் அடுத்த துறைமுகத்தில் கடனை நிறுத்தும். இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. வட்டத்துக்குள் இருப்பவரைத்தான் பெயர் கட்டுப்படுத்தும். எங்கிருந்து வந்தார் என்று எவருக்கும் தெரியாத, நாளை எங்கே போவார் என்றும் தெரியாத ஒருவருக்கு இழக்கப் பெயரே கிடையாது. ரிப்போ அப்படிப்பட்டவர்.

அப்படியானால் மஸ்கட்டில் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த அரசு மங்களூரில் ஏன் தடுமாறியது? விடை ரிப்போ வருவதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இருக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டார். இரண்டு மகன்களைப் பிணையாக ஆங்கிலேயரிடம் அனுப்பினார். 1793-இல் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரான்சோடு பேச அதுவரை இருந்த நேரான வழி அடைபட்டுப் போயிற்று. உதவி உயிர்த்தேவையாக இருந்தது, அதைக் கேட்கும் வாசலோ பூட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில் ஒருவர் தானாகவே வந்து உங்கள் வாசல் நான்தான் என்கிறார். ரிப்போவின் சொல்லில் திறமை இருந்ததோ இல்லையோ, கேட்டவரின் தேவை அதற்கு வலு சேர்த்தது. இன்றைய வணிகத்திலும் இதே நிலைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆர்டர் நிறைந்து வழியும் காலத்தில் எந்த ஏற்றுமதியாளரும் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. தறி நிற்கும்போது, வங்கித் தவணை நெருங்கும்போது, கேட்ட விலைக்குப் பேரமே பேசாமல் சம்மதிக்கும் பையர் கடவுள் அனுப்பியவராகத் தெரிகிறார். தேவை மிகும் அளவுக்கு விசாரணையும் கூடவேண்டும், நடப்பதோ நேர்மாறாக.

திப்பு விசாரிக்கவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. தூதர்களை அனுப்பியதே ஒரு விசாரணைதானே என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் போனது ரிப்போவின் துணையோடு. கையில் கொண்டுபோனது கூட்டணிக்கான முன்மொழிவு. விசாரணையும் வாக்குறுதியும் ஒரே கப்பலில் ஏறின. படை இல்லை என்ற உண்மை தெரிந்த அதே நாளில், ஆங்கிலேயருக்கு எதிராகத் திப்பு உதவி தேடுகிறார் என்ற ரகசியமும் கைமாறிவிட்டது. முதலில் ஆள் யார் என்று பார்க்க ஒருவரை அனுப்பி, அவர் திரும்பிய பிறகு முன்மொழிவை அனுப்பியிருந்தால், ரிப்போவின் பொய்க்கு மைசூர் கொடுத்த விலை ஒரு கப்பல் பயணச் செலவோடு நின்றிருக்கும். இன்றும் சிறு தொழில்முனைவோர் பலர் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பையர் யார் என்று தெரியும் முன்பே டிசைன், விலைப்பட்டியல், வங்கி விவரம், கம்பெனி லெட்டர்ஹெட், பாஸ்போர்ட் நகல் எல்லாம் மெயிலில் போய்விடுகின்றன. ஆள் பொய் என்று பிறகு தெரிந்தாலும், போனது போனதுதான். அதே லெட்டர்ஹெட்டை வைத்து அந்த ஆள் இன்னொருவரை ஏமாற்றவும் கூடும்.

இங்கே ஒரு கனமான மறுப்பு எழும். வெல்லெஸ்லி மைசூரை ஒடுக்கும் எண்ணத்தோடுதான் வந்தார், ரிப்போ வராவிட்டாலும் போர் வந்திருக்கும், ஒரு மாலுமியின் பொய்க்கு ஓர் அரசின் வீழ்ச்சியைக் கணக்கெழுதுவது சரியா என்பது அது. கூடவே இன்னொன்றும்: இந்த ஆவணங்களைக் கைப்பற்றியதும் மொழிபெயர்த்ததும் அச்சிட்டதும் வென்றவர்கள், திப்புவை ஏமாளியாகக் காட்டுவதில் அவர்களுக்கு ஆதாயம் உண்டு. இரண்டையும் ஏற்கிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்ததாகச் சொல்லப்படும் ஜேக்கபின் என்ற புரட்சி மன்றத்தின் குறிப்புகளையே ஐயத்தோடு பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் மலார்ட்டிக்கின் அறிவிப்பு மொரீஷியஸில் அச்சடித்துப் பகிரங்கமாகப் பரப்பப்பட்டது. அதைப் பிரெஞ்சுக்காரர்களும் மறுக்கவில்லை. படை வரவில்லை, நூறு பேருக்கும் குறைவானவர்களே வந்தார்கள் என்பதிலும் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. போர் எப்படியும் வந்திருக்கலாம். அதைத் தொடங்க எதிரிக்கு எழுத்துமூலமான ஒரு காரணத்தைச் சொந்தச் செலவில் தயாரித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் மைசூருக்கு இல்லை.

இன்னொரு மறுப்பு, கடல் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தபோது மொரீஷியஸைத் தனியாக விசாரிக்கத் திப்புவால் எப்படி முடிந்திருக்கும் என்பது. முடிந்திருக்கும், வழி அவர் கையிலேயே இருந்தது. மொரீஷியஸின் பிரெஞ்சு வணிகர்களும் கப்பல்களும் மஸ்கட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அந்த மஸ்கட்டில்தான் மைசூரின் சொந்தக் கோட்டி இருந்தது. ரிப்போ என்று ஒரு ஆள் மொரீஷியஸில் பதவியில் இருக்கிறாரா, படை என்று ஏதாவது சேர்கிறதா என்று துறைமுகத்தில் கேட்டால் தெரிந்திருக்கும். இன்னொரு வழியும் இருந்தது: நடுநிலை நாடான டென்மார்க்கின் கையில் நம் தரங்கம்பாடி இருந்தது. 1799 பிப்ரவரியில், ஆங்கிலப் படை புறப்பட்ட நேரத்தில், திப்பு பிரெஞ்சுக்காரரான டியூபுக் என்பவரைப் பிரான்சுக்குத் தூதராக அனுப்பியது அந்தத் தரங்கம்பாடியிலிருந்துதான். கடைசி நேரத்தில் தேடிக் கண்டுபிடித்த அந்த வழி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் திறந்தே இருந்தது. தகவலுக்காக நான்கைந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவருக்கும், கரூரில் திரைச்சீலை தைக்கிறவருக்கும், மைசூரில் ஊதுவத்தி, மண்டியாவில் வெல்லம் என்று வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கிறவருக்கும் ரிப்போக்கள் இப்போது மெயிலில் வருகிறார்கள். ரிப்போவின் பொய்யை உற்றுப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். பிரான்ஸ் என்ற நாடு உண்மை. மொரீஷியஸ் உண்மை. ஆளுநர் மலார்ட்டிக் உண்மை. பொய்யாக இருந்தது ஒன்றுதான்: அவர்களுக்கும் ரிப்போவுக்கும் உள்ள உறவு. இன்றைய மோசடியும் பெரும்பாலும் இதே அமைப்பில்தான் வருகிறது. லண்டனில் நிஜமாகவே இயங்கும் ஒரு கம்பெனியின் பெயர், அதன் நிஜ முகவரி, அதன் நிஜப் பதிவு எண், அதன் வெப்சைட்டிலிருந்து எடுத்த லோகோ எல்லாம் மெயிலில் இருக்கும். மெயில் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும்; அல்லது அந்த டொமைன் பெயரை வாங்கியே மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். ஆகவே கம்பெனி இருக்கிறதா என்று பார்ப்பதோடு விசாரணை முடிந்துவிட்டதாக நினைப்பது, பிரான்ஸ் என்று ஒரு நாடு இருக்கிறதே என்று ரிப்போவை நம்பியதற்குச் சமம்.

கம்பெனி உண்டா என்று பார்ப்பது முதல் படி, அது இப்போது மிக எளிது. பிரிட்டனில் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தின் விவரங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்: தொடங்கிய தேதி, இயக்குநர்கள், தாக்கல் செய்த ஆண்டுக் கணக்குகள் எல்லாம் கிடைக்கும். முப்பது ஆண்டு அனுபவம் என்று சொல்லும் கம்பெனி சென்ற ஆண்டுதான் பதிவானது என்றால் அங்கேயே கதை முடிந்தது. பல நாடுகளில் இப்படிப் பதிவகம் உண்டு. கம்பெனிகளுக்கு உலக அளவில் தரப்படும் எல்.இ.ஐ. என்ற 20 இலக்க அடையாள எண்ணையும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். நம் ரிசர்வ் வங்கி 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு இந்த எண்ணை 2022 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. சிறிய ஆர்டருக்குக் கட்டாயம் இல்லை. பார்த்துக்கொள்ள யாரும் தடையும் சொல்லவில்லை. இரண்டாவது படிதான் ரிப்போவுக்கு உரியது, பலர் தவறவிடுவதும் அதைத்தான்: மெயில் அனுப்பியவர் அந்தக் கம்பெனியின் ஆள்தானா? அவர் கொடுத்த போன் நம்பரில் பேசி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. கம்பெனியின் நம்பரை நீங்களே வேறு வழியில் தேடி எடுக்க வேண்டும். அந்த ஊர் வர்த்தக சங்கத்திடம், நம் தூதரகத்தின் வணிகப் பிரிவிடம் கேட்கலாம். அழைத்து, இந்தப் பெயரில் உங்கள் பர்ச்சேஸ் பிரிவில் ஒருவர் இருக்கிறாரா, எங்களுக்கு ஆர்டர் அனுப்பினாரா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவதாக, ஆள் நிஜம், கம்பெனியும் நிஜம், ஆனால் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டா என்ற கேள்வி. இதற்கென்றே இந்திய அரசு 1957-இல் தொடங்கிய நிறுவனம் இன்று ஈ.சி.ஜி.சி. என்ற பெயரில் இயங்குகிறது. வெளிநாட்டுப் பையர் திவாலானாலோ பணம் தராமல் இழுத்தடித்தாலோ நட்டத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டும் காப்பீடு அது தருகிறது. பலரும் இதை வெறும் இன்ஷூரன்ஸ் என்று நினைத்து பிரீமியம் கணக்குப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய உதவி, குறிப்பிட்ட பையருக்கு எவ்வளவு கடன்வரம்பு கொடுக்கலாம் என்று அது முடிவு செய்வதற்காகத் திரட்டும் தகவல். ஒரு பையருக்கு வரம்பு தர அது மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. ஒரு காலத்தில் ஏடனில் வாய்மொழியாகப் பரவிய நற்பெயரும் கெட்ட பெயரும் இன்று இப்படிப்பட்ட பதிவேடுகளில்தான் சேர்கின்றன.

எல்.சி. என்ற வங்கிக் கடன்கடிதம் (letter of credit) இருந்தால் போதும், இத்தனை விசாரணை எதற்கு என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். எல்.சி. நல்ல பாதுகாப்புதான், பையரின் நாணயத்துக்குப் பதிலாக வங்கியின் வாக்குறுதி நம் கையில் கிடைக்கிறது. ஆனால் பி.டி.எஃப். ஆக மெயிலில் வரும் எல்.சி. வெறும் காகிதம். அது வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் தகவல் வலையமைப்பு வழியாக உங்கள் வங்கிக்கு வந்து, உங்கள் வங்கி அதன் உண்மையைச் சரிபார்த்து உங்களுக்கு அறிவித்தால்தான் மதிப்பு. திறந்த வங்கியே பெயர் தெரியாத ஒன்றாக இருந்தால் அதையும் விசாரிக்க வேண்டும். இறக்குமதி செய்கிறவர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2007 முதல் நடப்பில் உள்ள எல்.சி. விதிகளின்படி வங்கிகள் பார்ப்பது ஆவணங்களை; சரக்கை அல்ல. இன்வாய்ஸும் பில் ஆஃப் லேடிங்கும் சொன்னபடி இருந்தால் வங்கி பணம் கொடுத்துவிடும். கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே செம்புக்குப் பதில் கல் இருந்தாலும் அது வங்கியின் பொறுப்பில் வராது. அதனால்தான் கப்பலேறும் முன் சரக்கைப் பரிசோதிக்க, விற்பவருக்குத் தொடர்பில்லாத பரிசோதனை நிறுவனத்தை வாங்குபவரே அமர்த்த வேண்டும். பஹாவுத்தீனையும் கஸ்தூரி ரங்கனையும் வங்காளத்துக்கு அனுப்பியதன் இன்றைய வடிவம் இது.

இப்படித் துருவித் துருவிக் கேட்டால் பையர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போய்விட மாட்டாரா என்ற பயம் சிறு தொழில் செய்கிறவர்களிடம் நிறைய இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு ஆர்டர் போனால் இருபது தொழிலாளிகளுக்கு வாரச் சம்பளம் போகிறது. ஆனால் நேர்மையான பெரிய பையர்கள் நம்மிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையை நேரில் வந்து பார்க்கிறார்கள், ஆடிட் நடத்துகிறார்கள், சாயக்கழிவு எங்கே போகிறது என்று கேட்கிறார்கள், தொழிலாளர் சம்பளப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். நாம் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு இருக்கும் அந்த உரிமை நமக்கும் உண்டு. மஸ்கட் துறைமுகத்தில் மைசூர்க்காரர்கள் நிலையம் வைத்துக் கணக்குப் பார்த்ததால் ஓமானோடு இருந்த உறவு கெடவில்லை. சுங்கச் சலுகையோடு அது தொடர்ந்தது. கேள்வி கேட்டதும் எரிச்சல் காட்டி, இன்றே அட்வான்ஸ் அனுப்பு, நாளை விலை ஏறும், வேறு பார்ட்டி காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்துகிறவர் போய்விட்டால் போகட்டும். விசாரித்தும் முழு நிறைவு வராத நேரங்கள் இருக்கும். அப்போது முழு ஆர்டரையும் எடுக்காமல், போனாலும் தாங்கக்கூடிய அளவுக்கு முதல் ஷிப்மென்ட்டைச் சுருக்கிக்கொள்வது பழைய வணிகர்களின் வழக்கம். அதற்கும் செலவில்லை.

பழகிய கூட்டாளியிடமும் ஒரு கட்டத்தில் திரும்ப விசாரிக்க வேண்டியிருக்கும். பல ஆண்டு பழக்கமுள்ள சப்ளையரிடமிருந்து, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று மெயில் வருகிறது. இடையில் யாரோ அவருடைய மெயிலுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கலாம். பழைய மெயில்களின் தொடர்ச்சியாகவே, அவர் எழுதும் பாணியிலேயே அது இருக்கும். பணம் போன பிறகு இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, நல்ல உறவும் கெட்டுவிடுகிறது. மெயிலுக்கு மெயிலில் பதில் கேட்டால், உள்ளே உட்கார்ந்திருப்பவரே ஆமாம் என்று பதில் போடுவார். முன்பே உங்களிடம் இருக்கும் பழைய நம்பரில் அழைத்து அவர் குரலைக் கேட்ட பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும்.

புதிய பையரின் ஆர்டர் ஒன்று இப்போது உங்கள் மேசையில் இருந்தால், நூல் வாங்கவோ சரக்குப் பிடிக்கவோ பணம் இறக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். அவர் கொடுக்காத ஒரு நம்பரைத் தேடி எடுத்து அவருடைய கம்பெனியை அழையுங்கள். அருகிலுள்ள ஈ.சி.ஜி.சி. கிளையில் அந்தப் பையரின் பெயரைக் கொடுத்துக் கடன்வரம்பு கேளுங்கள். இரண்டு பதிலும் வரும்வரை சாம்பிளைத் தவிர வேறு எதையும் அனுப்பாதீர்கள்.